ஒரு ரின் யுராசிக் உடுமீன்: சீட்டில் எந்தப் பெயரை எழுதுவது?

போன ஆவணியில் லண்டனில் இருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணா ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திறந்தால் பிஸ்கற் இல்லை, பழைய பேப்பரில் சுற்றிய நாலு பொட்டலங்கள். “உன்ர பெடியளுக்கு. எல்லாம் நட்சத்திர மீன். யுராசிக் காலத்துச் சாமான்” என்றார். நட்சத்திர மீனைத்தான் பாடத்தில் உடுமீன் என்கிறோம். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறவன். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி வெறுமையாகக் கிடந்தது. அதில் அடுக்கி, பக்கத்தில் ஒரு பெயர்ச்சீட்டு வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தச் சீட்டை எழுத மூன்று மாதம் பிடித்தது.

பொட்டலங்களில் இருந்தவை இவை. உள்ளங்கை அளவு மணற்கல் ஒன்று, அதன் முகத்தில் நூல் போல ஐந்து கைகள். இங்கிலாந்தின் தெற்குக் கரையான டோர்செற்றில் வாங்கியதாம். இரண்டாவது, அதே இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் பகுதி உடுமீன் ஒன்றின் சாந்து வார்ப்பு. முழு உடம்பும் அழகாகத் தெரியும், ஆனால் கல் அல்ல. மூன்றாவது, மல்லி விதை அளவில் ஐந்து முனையுள்ள குட்டி நட்சத்திரங்கள் ஏழெட்டு. நாலாவது ஒரு மருந்துப் போத்தல். உள்ளே களிமண்ணைக் கழுவிச் சலித்து எடுத்த பொடித் துண்டுகள், அரிசிக் குறுநொய் போல. அண்ணாவுக்கு முதல் மூன்றில்தான் பெருமை. போத்தலை “சும்மா கிடந்தது, போட்டுவிட்டன்” என்றார்.

இதற்குள் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம், பிள்ளைகள் முதல் நாளே கேட்டார்கள்: “சேர், இது எங்கட மண்ணில கிடைக்காதா?” கிடைக்காது. வவுனியாப் பக்கம் தலை நீட்டும் பாறைகள் உருமாறிய பாறைகள். புவியியலாளர் அவற்றுக்கு வைத்த பெயரே ‘வன்னித் தொகுதி’தான். வெந்து உருமாறி ஐம்பது கோடி ஆண்டுகள் தாண்டிவிட்ட அந்தப் பாறையில் உடுமீனின் தடம் தேடிப் பயனில்லை. மன்னார், பூநகரிப் பக்கத்துச் சுண்ணக்கல்லில் சிப்பியும் முருகையும் இருக்கும், ஆனால் அது மயோசீன் காலத்தது, இரண்டேகால் கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. யுராசிக் என்பது 20 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன் தொடங்கி 14½ கோடியில் முடிந்த காலம். இலங்கையில் அந்தக் காலத்துப் பாறை புத்தளம் மாவட்டத்துத் தப்போவ, ஆண்டிகம பக்கம் இருக்கிறது. அங்கே கிடைப்பது இலையும் தண்டும், ஏனென்றால் அது நன்னீரில் படிந்த மண். ஆக, யுராசிக் கடல் உயிர் வேண்டுமென்றால் ரின்னில்தான் வரவேண்டும்.

சரி, பெயருக்கு வருவோம். பாடப்புத்தகப்படி கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று இறங்கவேண்டும். எந்த வழியால், எவ்வளவு தூரம் இறங்குவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்தோம்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது: உருவத்தைப் பார், படத்தோடு ஒப்பிடு, பெயரை எழுது. என் வகுப்பில் பாதிப் பேர் இதன் பக்கம். போனில் படம் தேடி, மணற்கல்லில் இருப்பதற்கு அரை மணித்தியாலத்தில் மூன்று இலத்தீன் பெயர் கொண்டுவந்தார்கள். வேகத்தில் இதை அடிக்க முடியாது. ஆனால் இந்த வழி எங்கே கவிழும் என்பதையும் அதே மணற்கல் காட்டிவிட்டது.

டோர்செற்றில் ஈப் என்ற ஊர்ப் பக்கம் கடற்கரைப் பாறையில் ஒரு படை, அதாவது ஒரு பாறை அடுக்கு, இருக்கிறது. ஆங்கிலேயர் அதை ‘உடுமீன் படை’ என்றே அழைக்கிறார்கள். அதில் பேர்போனது பலேயோகோமா என்ற சாதி, அது உடுமீனே இல்லை. பாம்பு நட்சத்திரம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒபியுரோயிடியா வகுப்பைச் சேர்ந்தது. நடுத்தட்டு நாணயம் போல வட்டமாகத் தனித்து நிற்கும், கைகள் அதில் செருகியது போல மெலிந்து போகும். உடுமீனின் கைகளோ அடியில் அகன்று உடம்போடு கரைந்து சேரும். அடிப்பக்கம் பார்க்கக் கிடைத்தால் இன்னும் தெளிவு: உடுமீனின் கைக்குக் கீழே வாய்வரைக்கும் ஒரு திறந்த பள்ளம் ஓடும், பாம்பு நட்சத்திரத்தில் அந்தப் பள்ளம் மூடியிருக்கும். எங்கள் மணற்கல்லில் நடுத்தட்டு வட்டம், கை நூல். அண்ணாவை ஏமாற்றியவர் யாருமில்லை, அந்தப் படையின் பெயரே ஏமாற்றுகிறது.

கைகளை எண்ணுவதும் உதவாது. ஐந்து என்று மனப்பாடம் செய்திருக்கிறோம், ஆனால் ஜேர்மனியின் பிற்கால யுராசிக் சுண்ணக்கல்லில் வரும் டெர்மினாஸ்டர் என்ற சிறிய உடுமீனில் ஆறு கை உள்ளவையும் உண்டு. அங்கேயே நூஸ்பிளிங்கன் என்ற இடத்தில் 15½ கோடி ஆண்டுப் பழமையான ஒரு பாம்பு நட்சத்திரம் கிடைத்து, 2024இல் ஒபியாக்டிஸ் ஹெக்ஸ் என்ற பெயரோடு அறிவிக்கப்பட்டது. ஆறு கைகளில் மூன்று முழுதாக, மற்ற மூன்று குட்டியாக, முளைத்து வரும் நிலையில் இருந்தன. உடம்பை இரண்டாகப் பிரித்து, இழந்த பாதியை வளர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் புதையுண்டு போனது. கையின் நீள அகலத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பவர் அதை எந்தப் பெட்டியில் போடுவார்?

மூன்றாவது பொட்டலத்துக் குட்டி நட்சத்திரங்களில்தான் முதல் வழி முற்றாகப் படுத்துவிட்டது. பார்த்தவர் எல்லாரும் “குட்டி உடுமீன்” என்றார்கள். நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நம்பினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கைவில்லைக்குக் கீழே வைத்தால் இரு முகமும் ஒரே மாதிரி, வாயும் இல்லை, பள்ளமும் இல்லை, நடுவில் ஊசித்துளை. அவை கடல் அல்லியின் தண்டுக் கணுக்கள். பெயர் பூவினுடையது என்றாலும் அது உடுமீனுக்கு உறவான விலங்கு. பென்டாகிரினைட்டிஸ் போன்ற யுராசிக் கடல் அல்லிகளின் தண்டு ஐந்து முனையுள்ள வில்லைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது போல இருக்கும், செத்த பிறகு கழன்று சிதறும். கணம் ஒன்றுதான், எக்கைனோடேர்மேற்றா, தமிழில் முட்தோலிகள். வகுப்பு வேறு.

இரண்டாவது வழி, உருவத்தை விட்டுத் தட்டுகளைப் பார்ப்பது. உடுமீனின் உடம்பு நூற்றுக்கணக்கான சிறு சுண்ணாம்புத் தட்டுகளால் ஆனது. உயிரோடு இருக்கும்போது தசையும் தோலும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். செத்துச் சில நாட்களில் பிடி விட்டுப்போய்த் தட்டுகள் உதிர்ந்துவிடும். முழு உடுமீன் உயிர்ச்சுவடாகக் கிடைப்பது அருமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். முழுதாகக் கிடைத்தால், அது உயிரோடோ செத்த கையோடோ மண்ணுக்குள் மூடப்பட்டது என்று பொருள். 2021இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்த கொட்ஸ்வோல்ட் கற்குழி அப்படியான ஒன்று. 16.7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் திடீரெனச் சரிந்த சேறு மூடியதில் உடுமீன், பாம்பு நட்சத்திரம், கடல் அல்லி, ஏன், எங்கள் ஆட்கள் பண்ணை வைத்து வளர்க்கும் கடலட்டையின் உறவுக்காரர் கூட, கூட்டமாகப் புதைந்திருந்தன. அப்படி ஓர் இடம் எப்போதாவதுதான் வாய்க்கும். மற்ற எல்லா இடத்திலும் மிஞ்சுவது போத்தலில் இருந்த குறுநொய்தான்.

அந்தக் குறுநொயில் விஷயம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் கல்சைற்று என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒரே பளிங்காக நடந்துகொள்ளும். உயிர்ச்சுவடான தட்டு உடைந்திருந்தால், உடைந்த முகத்தை வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் முகம் முழுதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னும். சிப்பித் துண்டு அப்படி மின்னாது. முட்தோலியா இல்லையா என்று பிரிக்க எங்கள் ஆய்வுகூடத்துக்கு இதைவிட மலிவான சோதனை தெரியவில்லை. தயவுசெய்து அமிலத்துளி விட்டுப் பார்க்காதீர்கள். சிப்பியும் பொங்கும், தட்டும் பொங்கும், கடைசியில் தட்டுப் போய்விடும். தேசிப்புளிக்கும் இதே கதைதான்.

அடுத்தது, எந்தத் தட்டு உடம்பின் எந்த இடத்தது என்று அறிவது. கையின் இரு ஓரத்திலும் மேல் வரிசை, கீழ் வரிசை என்று ஓரத்தட்டுகள் இருக்கும். பள்ளத்தின் கரையில் ஒரு வரிசை, பள்ளத்துக் கூரையில் சோடி சோடியாக ஒரு வரிசை. முதுகில் வேறு மாதிரி. யுராசிக் உடுமீன்களைப் பிரிப்பதில் ஓரத்தட்டுகள் பெரிய சாட்சி: அவை கட்டியானவையா மெல்லியவையா, முள் பொருந்திய குழி எங்கே, பக்கத்துத் தட்டோடு முட்டும் முகம் எப்படி. சுவிற்சர்லாந்தின் ஹான்ஸ் ஹெஸ் போன்றவர்கள் இந்தச் சிறு தட்டுகளிலேயே பல ஆண்டுகள் வேலை செய்தார்கள்.

இங்கேதான் முல்லைத்தீவு எங்களுக்குக் கைகொடுத்தது. எங்கள் வகுப்பில் ஒரு மாணவியின் அப்பப்பா கரைவலைக்காரர். வலை இழுத்து மீன் பொறுக்கிய பிறகு மணலில் எறிபடும் சாமான்களில் சீப்புப் போல ஓரம் கொண்ட தட்டையான உடுமீனும் இருக்கும். அஸ்ட்ரோபெக்டன் சாதி, மணலுக்குள் புதைந்து வாழ்வது. அவள் காய்ந்து கிடந்த மூன்றைப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் கொண்டுவந்தாள். எங்கள் வார்ப்பு ஒத்துப்போவது பென்டாஸ்டீரியா என்ற சாதியோடு. அது அஸ்ட்ரோபெக்டனின் குடும்பத்திலேயே வைக்கப்படுகிறது. இடையில் 16 கோடி ஆண்டுகள். அலுமாரிக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது, எங்கள் பாடசாலையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

ஒரு உடுமீனைத் தண்ணீர் கலந்த பிளீச்சில் இரவு முழுக்க வைத்தோம். (சன்னலைத் திறந்து வையுங்கள். வினாகிரியோ வேறு அமிலமோ கிட்டவே வரக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.) காலையில் சதை கரைந்து தட்டுகள் அடியில் கிடந்தன. நன்றாகக் கழுவி, ஒரு கையின் ஓரத்தட்டுகளை அடியில் இருந்து நுனி வரை கறுப்பு அட்டையில் வரிசையாக ஒட்டினோம். ஒரு பின்னேரம் முழுவதும் போய்விட்டது. ஆனால் அந்த அட்டை எங்களிடம் இருந்த எந்தப் புத்தகத்தையும்விடக் கூடுதலாகச் சொன்னது. அதற்கு முதல் வாரம் போத்தல் துண்டுகளைப் பிள்ளைகள் அகலமானது, நடுத்தரம், ஒடுங்கியது என்று மூன்று குவியலாக்கி “மூன்று இனம்” என்று எழுதியிருந்தார்கள். அட்டையைப் பார்த்தால், ஒரே உடுமீனின் ஒரே கையில் அகலமும் நடுத்தரமும் ஒடுக்கமும் வரிசையாக நிற்கின்றன. மூன்று குவியலும் ஒரு குவியலாயின. தட்டு வழியின் பெரிய ஆபத்து இதுதான்: ஒரு விலங்கைப் பிய்த்து மூன்று பெயர் வைத்துவிடலாம். அதற்கு மருந்தும் கரைவலை மணலிலேயே கிடந்தது.

மூன்றாவது வழி பரிணாம மரம். பெயர் என்பது உருவ ஒற்றுமைக்கு அல்ல, உறவுக்கு என்று இந்த வழி சொல்கிறது. இன்று வாழும் உடுமீன்களில் ஏறத்தாழ 1900 இனங்கள் உண்டு. அவற்றின் வருணங்களுக்குள் யுராசிக் உடுமீன் எந்தக் கிளையில் ஒட்டும் என்று பார்க்கவேண்டும். கொள்கையில் இதுதான் சரியானது, அதில் எனக்கு மறுப்பில்லை. யுராசிக்குக்கு முன்பிருந்த பேர்மியன் காலத்தின் முடிவில் நடந்த பெரிய அழிவுக்குப் பிறகு உடுமீன் குலம் புதிதாகத் தழைத்தது. யுராசிக்கில் இன்றைய வருணங்களுக்கு உறவான வடிவங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன. ஆகவே யுராசிக் தட்டு ஒன்று சரியான கிளையில் ஒட்டினால், அந்தக் கிளைக்கு வயது சொல்லவும் முடியும்.

ஆனால் மரம் ஒன்றல்ல. 1987ஆம் ஆண்டிலேயே உடுமீன் ஆய்வாளர்களான டானியல் பிளேக் ஒரு வகைப்பாட்டையும் அன்ட்ரூ கேல் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். இரண்டும் பொருந்தவில்லை. சண்டையின் நடுவில் நிற்பது எங்கள் கரைவலை உடுமீனின் வருணமான பக்சிலோசிடா. அதன் குழாய்ப்பாதங்களில், அதாவது கைக்குக் கீழே உள்ள குழாய் போன்ற சிறு கால்களில், உறிஞ்சி இல்லை, நுனி கூராக இருக்கும். இது பழைய மூதாதையரிடம் இருந்து மிஞ்சிய அடையாளம், ஆகவே இந்த வருணம் மரத்தின் அடியில் பிரிந்தது என்றார் கேல். மணலில் புதைவதற்காகப் பின்னால் வந்த மாற்றம் அது, அடியில் வைக்கத் தேவையில்லை என்பது பிளேக்கின் பக்கம். பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் பிளேக்கின் பக்கம் சாய்கின்றன. யுராசிக் கல்லில் மரபணு மிஞ்சுவதில்லை, அதனால் இந்த வழக்கில் நேரடிச் சாட்சி சொல்ல எங்கள் போத்தலால் முடியாது. அதில் மிஞ்சியது தட்டு மட்டும்தான்.

பழைய பெயர்கள் எவ்வளவு தூரம் இடம் மாறின என்பதையும் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில், தோமஸ் றைற் பிரித்தானிய யுராசிக் உடுமீன்களைத் தொகுத்து 1863 முதல் வெளியிட்ட காலத்தில், பல உயிர்ச்சுவடுகள் இன்று வாழும் சாதிகளின் பெயரிலேயே திரிந்தன. கொட்ஸ்வோல்ட் உடுமீன் ஒன்று அஸ்ட்ரோபெக்டன் என்றே பதிவானது, பின்னர்தான் பென்டாஸ்டீரியாவுக்கு மாறியது. அலுமாரிக்குள் ஒட்டிய சீட்டை வருடா வருடம் கிழிக்க எனக்கு நேரமில்லை.

இவை தவிர, உடுமீன் சேற்றில் படுத்து எழும்பிய தடத்துக்கு அஸ்டீரியாசைட்டிஸ் என்று தனிப் பெயர் உண்டு. அது விலங்கின் பெயரல்ல, தடத்தின் பெயர். விலங்கு எதுவென்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தடத்துக்குப் பெயர் மாறாது. எங்கள் ரின்னில் தடம் இல்லாததால் இதை அத்தோடு விட்டோம்.

அப்ப எதை எடுத்தோம்? தட்டு வழி. உருவத்தை ‘வகுப்பு’ என்ற படி வரைக்கும் மட்டும் நம்பினோம், அதுவும் அடிப்பக்கம் தெரிந்தால்தான். மரத்தைப் பென்சிலால் எழுதினோம், சொல்லுக்குச் சொல் உண்மையாகவே பென்சிலால். வருணம் என்ற இடத்தில் ‘பக்சிலோசிடா’ பென்சில் எழுத்தில் இருக்கிறது, மற்றவை பேனையில். தட்டுக் காட்டும் இடத்தோடு பேனையை நிறுத்துவது எங்கள் விதி. இனப்பெயர் ஒன்றுக்குக்கூட எழுதவில்லை. “பெயர் இல்லாமல் வச்சா பார்க்கிறவை என்ன சொல்லுவினம், சேர்?” என்று ஒருவன் கவலைப்பட்டான். ஆராய்ச்சியாளரே நிச்சயமில்லாத இடத்தில் ‘ஒப்பிடுக’ என்ற பொருளில் இரண்டெழுத்து இலத்தீன் குறி போட்டோ, கேள்விக்குறி போட்டோதான் எழுதுகிறார்கள் என்று காட்டியபிறகு சமாதானமானான். கேள்விக்குறி போடுவதில் அவனுக்குப் பிறகு ஒரு ருசியே வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் போடப் பார்த்தான். அதையும் அடக்கவேண்டியிருந்தது.

இந்தத் தெரிவு எல்லாருக்கும் பொருந்தாது. ஒரு நாள் கண்காட்சிக்கு மேசை போடுகிறீர்கள், வருபவர் இரண்டு நிமிடம் நிற்பார் என்றால் உருவ வழி போதும். உடுமீன், பாம்பு நட்சத்திரம், கடல் அல்லி என்று மூன்று தட்டில் பிரித்து வையுங்கள், இனப்பெயர் எழுதும் ஆசையை மட்டும் அடக்குங்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு எடுப்பவருக்கு மரம் இல்லாமல் முடியாது. பிளேக்கையும் கேலையும் இரண்டையும் படித்து, எந்த மரத்தைப் பின்பற்றினார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லவேண்டும். கையில் கைவில்லையும் கடற்கரைப் பிள்ளைகளும் இருக்கும் எங்களைப் போன்ற பாடசாலைக்குத் தட்டு வழி. கைவில்லை பத்து மடங்கு பெருப்பித்தால் போதும், அதற்கு மேல் உள்ளது எங்கள் பாவனைக்கு வீண் செலவு.

ஒரு குறை மட்டும் எந்த வழியாலும் தீரவில்லை. போத்தலில் உள்ள துண்டுகள் எந்தப் படையில் இருந்து வந்தவை என்று ரின்னில் ஒரு வரிகூட இல்லை. யுராசிக் என்பது ஐந்தரைக் கோடி ஆண்டு நீளம். அதன் அடியில் எடுத்ததா மேலே எடுத்ததா என்று தெரியாவிட்டால், ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சாதிகளில் எது சாத்தியம் என்று சொல்ல வழியில்லை. தட்டு பொய் சொல்லாது, ஆனால் ஊர் சொல்லாத தட்டு பாதிதான் பேசும். சீட்டில் ‘படை’ என்ற இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

வீடியோ அழைப்பில் அண்ணாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். “அப்ப நாலில எத்தினை நட்சத்திர மீன்?” என்று கேட்டார். வார்ப்பு ஒன்று, போத்தலில் பாதி என்றேன். கொஞ்சம் முகம் வாடியது. போத்தலை எங்கே பொறுக்கினீர்கள் என்று கேட்டேன். யாரோ கூட்டாளி கொடுத்தது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இனி எதைக் கொண்டுவந்தாலும் எந்தக் கரை, எந்தப் படை, என்ன திகதி என்று ஒரு துண்டில் எழுதிப் போடுங்கள் என்றேன்.

“கல்லுக்கும் பிறப்புச் சான்றிதழோடா?” என்று சிரித்தார். போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்த ஒரு தாளுக்காக அரசாங்கக் கச்சேரி வாசலில் எத்தனை நாள் நின்றோம் என்று எனக்குத் தெரியும். அவரும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, கூட்டாளியின் நம்பரைத் தேடத் தொடங்கினார்.